அளவு ஜாக்கெட்

தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் அளவு ஜாக்கெட் கொண்டுவருவார்கள். அதில் கால்வாசி அவர்களுடையதாகவே இருக்காது. தங்கச்சியுடையது, எதிர்வீட்டு அக்காவுடையது, கல்யாணத்துக்கு முன்னால் தைத்தது. "இதே மாதிரி தைங்கக்கா, கொஞ்சம் லூசு விட்டாப் போதும்" என்பார்கள். போதாது. தையலைப் பிரித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

போன இதழில் புடவைக்கு ஃபால்ஸ் (கீழ் ஓரத்தில் உள்பக்கம் வைக்கிற பட்டைத் துணி) தைப்பது எப்படி என்று எழுதியபோது, போகிற போக்கில் நான் திருநங்கை என்று ஒரு வரி எழுதிவிட்டேன். ஃபால்ஸைப் பற்றி வந்தது ஒரே ஒரு கடிதம். மற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்கு. சரி, இந்த முறை ஊசி நூலோடு அதையும் பேசுவோம். ஃபால்ஸ் கேட்டவருக்குக் கடைசியில் பதில் இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வயது 19. கல்லூரி விடுதியில் இருக்கிறேன். ஊருக்குப் போகும்போது வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்காவின் சுடிதாரைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நிற்பேன். பத்து நிமிடம்தான். அப்புறம் மடித்து அதே இடத்தில் வைத்துவிடுவேன். நான் திருநங்கையா, அல்லது இது வெறும் ஆசையா? எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
பெயர் வேண்டாம், திருச்சி

தம்பி என்று கூப்பிட்டால் ஒருவேளை தப்பாகும், தங்கச்சி என்றால் அவசரமாகும். கண்ணு என்றே கூப்பிடுகிறேன். எங்கள் மதுரைப் பக்கம் அது எல்லோருக்கும் செல்லும்.

கண்ணு, எனக்குத் தெரியாது. அந்தச் சுடிதாரைக் கேட்டால் அதற்கும் தெரியாது.

என் கடைக்கு வருகிறவர்களில் மூன்று பேரைச் சொல்கிறேன். கரகாட்டக் குழுவில் பெண் வேஷம் கட்டுகிற ஒருவர் வருடத்துக்கு நாலு ஜாக்கெட் தைப்பார். கழுத்து எத்தனை இறக்கம், கை எத்தனை அங்குலம், எந்த இடத்தில் ஜரிகை என்று கல்யாணப் பெண்ணைவிட நுணுக்கமாகச் சொல்வார். பெஞ்சாதி, ரெண்டு பிள்ளைகளோடு வருவார். ஆட்டம் முடிந்தால் கைலியைக் கட்டிக்கொண்டு பீடி பற்ற வைப்பார். அவர் ஆண். அவருக்கு அதில் ஒரு குழப்பமும் கிடையாது.

இன்னொருவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர். கடை சாத்துகிற நேரம் பார்த்து வருவார். காட்டன் நைட்டி, முழங்கை வரைக்கும் கை, முன்னால் ஜிப். "எனக்குத்தாம்மா, அவளுக்கும் தெரியும். இதைப் போட்டாத்தான் தூக்கம் வருது" என்றார் ஒருநாள். அவரும் தன்னை ஆண் என்றுதான் சொல்கிறார். எனக்கு அதில் ஏன் என்று கேட்க ஒன்றுமில்லை. நீளம் மட்டும் கேட்டேன்.

மூன்றாவது ஆள் நான். பதினைந்து வயதில் புதுமண்டபத்தில் ஒரு தையல் மாஸ்டரிடம் காஜா (பொத்தான் துளை) எடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். கல்தூணுக்குக் கல்தூண் ஒரு தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடுப்பெல்லாம் அங்கேதான் தைப்பார்கள். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஒருநாள் ஓர் ஆட்டக்காரப் பெண்ணுக்கான பாவாடை தயாரானது. அந்த அம்மா வரவில்லை. நான் ஒல்லி, உயரமும் அந்த அம்மா அளவுதான். "ஏறி நில்லுடா, தொங்கல் பாக்கணும்" என்று மாஸ்டர் அதை எனக்குக் கட்டி முக்காலியில் ஏற்றிவிட்டார். வாயில் குண்டூசி, கையில் சாக்பீஸ். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. அவருக்கு நான் ஒரு ஹேங்கர். சுற்றிச் சுற்றி வந்து விளிம்பைச் சமன் பார்த்தார். நாலு நிமிஷம் இருக்கும். அப்புறம் என் அப்போதைய பெயரைச் சொல்லி "இறங்குடா" என்றார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

அதுதான் எனக்குத் தெரிந்த கணம். பாவாடையினால் தெரிந்ததா என்றால், இல்லை. அதற்கு முன்னாலும் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் அந்தப் பெயருக்கு நான் அரை நொடி தாமதமாகத்தான் கை தூக்குவேன்.

அதனால் கண்ணாடி முன் நிற்கிற பத்து நிமிடத்தை விடு. மீதி நேரத்தைப் பார். விடுதியில் கைலியோடு இருக்கும்போது, யாராவது "அண்ணே" என்று கூப்பிடும்போது, நாற்பது வயதில் உன்னை நினைத்துப் பார்க்கும்போது அங்கே யார் இருக்கிறார்? ஒரு பெண்ணா, ஆணா, ரெண்டிலும் சேராத ஒருவரா, சுடிதார் பிடித்த ஒரு ஆணா? எதுவானாலும் பரவாயில்லை. இந்த வருஷமே சொல்லியாக வேண்டும் என்று யாரும் கெடு வைக்கவில்லை. மனசு பாரமாக இருந்தால் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் பேசு. நண்பன் சொன்னான் என்று மருந்துக்கடையில் ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடாதே. அது காய்ச்சல் மாத்திரை இல்லை.

அப்புறம் ஒன்று. உன் அக்காவின் தோள் 14 அங்குலம் இருக்கும். உனக்கு 17 இருக்கும். அவள் சுடிதாரில் நீ பார்ப்பது உன்னை இல்லை, பிடிக்கிற அக்குளையும் மேலே ஏறிய இடுப்பையும்தான். ஒரு குர்தா சொந்தமாக வாங்கிக்கொள். அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுது.

திருநங்கைகள் ஏன் எப்போதும் கண்ணைப் பறிக்கிற மாதிரி உடுத்துகிறார்கள்? எளிமையாக இருந்தால் சமூகம் மதிக்குமே?
ஒரு நலம் விரும்பி, ஈரோடு

எங்களை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? சித்திரை மாதம் கூவாகத்தில், டிவியில். கூத்தாண்டவர் கோயிலில் அன்றைக்கு அரவானுக்கு வாழ்க்கைப்பட்டு நாங்கள் தாலி கட்டிக்கொள்கிறோம். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மணப்பெண் சாதா வாயில் காட்டன் புடவையா கட்டியிருந்தாள்?

மறுநாள் காலை அரவான் களப்பலியானதும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவையில் உட்கார்ந்து அழுவோம். ரொம்ப எளிமையான புடவை அது. அதற்குள் கேமராக்காரர்களில் பாதிப் பேர் பஸ் ஏறியிருப்பார்கள்.

என் மகளுக்கு 22 வயது. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்டு, சட்டை பேன்ட்டைத் தவிர வேறு போடுவதில்லை. "நான் பொண்ணு இல்லம்மா, பையன்" என்கிறாள். தை மாதம் என் தம்பி வீட்டுக் கல்யாணம். பட்டுப்புடவை கட்டச் சொன்னால் "அப்ப நான் வரலை" என்கிறாள். ஒரே ஒரு நாள் கட்டினால் என்ன குறைந்துவிடும்? தெரிந்த டாக்டர் ஒருவர், பேசிப் பேசியே மாற்றிவிடலாம் என்கிறார். நம்பலாமா?
ஒரு தாய், திண்டுக்கல்

அம்மா, நீங்கள் மகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிள்ளை மகன் என்கிறது. நல்லவேளை, தமிழில் பிள்ளை என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் வாய்க்கு "மகன்" வரும்வரைக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை போன்றவர்களைத் திருநம்பி என்கிறோம். என் கதையைத் திருப்பிப் போட்டது போல.

டாக்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். போகாதீர்கள். இப்படி மாற்றிக் காட்டுகிறேன் என்று சிகிச்சை செய்வதைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கை ஒட்டி வந்த அறிவிப்பு அது. மாற்றுகிறேன் என்கிற டாக்டர் தன் மேல்தான் நடவடிக்கை வரவழைத்துக்கொள்கிறார்.

இனி புடவை. "ஒரே ஒரு நாள்" என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரரை அதே கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்கிறேன். அவர் அறையை விட்டு வெளியே வருவாரா? ஆல்பத்தில் நிற்பாரா? துணி பாரமாக இருக்கிறதென்று உங்கள் பிள்ளை சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் முந்நூறு பேர் முன்னால் வேறு ஒரு ஆளாக நிற்க முடியவில்லை என்கிறது.

வேட்டி சட்டை எடுத்துக் கொடுங்கள். எட்டு முழம் முதல் தடவைக்கு வேண்டாம், கட்டிப் பழகாதவர்களுக்கு அது பந்தியில் பாதி அவிழும். நாலு முழம், வெல்க்ரோ ஒட்டு வைத்த வேட்டி, மேலே ஒரு பெல்ட். இடுப்பில் சதை உள்ளவர்களுக்கு ஒட்டு கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வந்தால் மடிப்பு நேராக விழும். கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு நாள் வீட்டிலேயே கட்டி நடக்கச் சொல்லுங்கள், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லுங்கள். வேட்டி தடுக்காமல் நடக்கிற ஆளை யாரும் ரெண்டாம் தடவை திரும்பிப் பார்ப்பதில்லை.

சும்மா நிற்க விடாதீர்கள். பந்தி விசாரிக்கிற வேலை கொடுங்கள். கையில் சாம்பார் வாளி இருக்கிறவனிடம் யாரும் நின்று விசாரணை நடத்த மாட்டார்கள். உங்களிடம்தான் கேட்பார்கள். "என்ன மதினி, உங்க பொண்ணு இப்படி?" என்று. பதிலை இப்போதே பழகிக்கொள்ளுங்கள்: "அதுக்குப் பிடிச்சதைக் கட்டியிருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?" இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். சேர்த்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் திருநம்பி. வயது 26. கடையில் சட்டை வாங்கினால் 38 தோளுக்குச் சரி, இடுப்பில் பிடிக்கிறது. 42 எடுத்தால் தோள் கீழே தொங்குகிறது. மார்பை மறைக்க கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறேன். லேடீஸ் டெய்லரிடம் கொடுத்தால் பொத்தானை மாற்றித் தைத்துவிடுகிறார்கள்.
விருதுநகர்

பேண்டேஜை இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. கிரேப் பேண்டேஜ் சுளுக்குக்கு உள்ளது. மூச்சு விடும்போது விலா விரிய வேண்டும். அது விரிய விடாது, நேரம் ஆக ஆக இறுகும். விலா எலும்பு வலிக்கும், விரிசல்கூட விடும். இதற்கென்றே பைண்டர் என்று மார்பைத் தட்டையாகக் காட்டுகிற உள்ளாடை விற்கிறது. உங்கள் அளவுக்கே வாங்குங்கள், ஒரு சைஸ் குறைத்து வாங்கினால் நெஞ்சு கூடுதலாகத் தட்டையாகும் என்பது பொய். அது கிடைக்கும்வரை இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா போதும். எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். போட்டுக்கொண்டு தூங்காதீர்கள், ஓடாதீர்கள். மூச்சு வாங்கினால் அந்த இடத்திலேயே கழற்றிவிடுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் உள்ளே காட்டன் பனியன் இல்லாமல் போட்டால் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும்.

சட்டைக்கு வருவோம். ரெடிமேட் உங்களுக்கு ஒத்துவராது. அது தோளிலிருந்து இடுப்புக்கு நேராக இறங்குகிற உடம்புக்கு வெட்டியது. தைத்துக்கொள்ளுங்கள். தோளுக்கு உங்கள் அளவு. அக்குளுக்குக் கீழே வளைக்காமல் நேர் வெட்டு. பக்கவாட்டில் ரெண்டு அங்குலம் ஓப்பன் விடச் சொல்லுங்கள், இடுப்பில் பிடிக்காது. கீழே ஆப்பிள் கட் வேண்டாம், அந்த வளைவு இடுப்பைக் காட்டிக் கொடுக்கும், நேராக முடியட்டும். முதுகில் தோளுக்குக் கீழே யோக் (குறுக்குப் பட்டை) வைத்து நடுவில் ஒரு பாக்ஸ் ப்ளீட் (பெட்டி மடிப்பு). முன்னால் ரெண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட். கொஞ்சம் கனமான காட்டன், சின்னக் கட்டம். ரேயான், வழவழ துணி எதுவும் கூடாது, உடம்போடு ஒட்டும். பேன்ட்டுக்கு கிராஸ் பாக்கெட் வைத்தால் இடுப்பில் வாய் பிளந்து நிற்கும். நேர் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள்.

பொத்தான் கதை எனக்குப் பிடித்த கதை. ஆண்கள் சட்டையில் பொத்தான் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். பெண்கள் சட்டையில் தலைகீழ். காஜா பையனாக இருந்த காலத்தில் இதை மாற்றிப் போட்டு மாஸ்டரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். உலகத்தையே அது ரெண்டாகப் பிரிக்கிறது, கால் அங்குலப் பொத்தான்! துணியைக் கொடுக்கும்போதே "ஜென்ட்ஸ் பட்டன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள். டெய்லர்கள் சீட்டைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்காது.

திருநங்கை, 27 வயது, சென்னையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. ஹார்மோன் ஆரம்பித்து ஏழு மாதம். உயரம் 5 அடி 10 அங்குலம், தோள் அகலம். எந்த ஜாக்கெட் போட்டாலும் பயில்வான் மாதிரி இருக்கிறது. ஆபீஸில் வேறு, அடையாள அட்டையில் பெயர் மாறும்வரை பேன்ட் சட்டையில்தான் வர வேண்டும் என்கிறார்கள்.
சென்னை

உன் ஜாக்கெட்டின் கழுத்தைச் சொல்லவா? போட் நெக். சரிதானே? இப்போது எல்லாரும் அதைத்தான் தைக்கிறார்கள். தோளிலிருந்து தோளுக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டுகிற கழுத்து அது, நமக்கு ஆகாது. வி கழுத்து, அல்லது அகலம் குறைந்து இறக்கம் கூடிய யு. முன்னால் ஏழு அங்குலம் இறக்கு. முதுகையும் நன்றாக இறக்கி மேலே ஒரு கயிறு கட்டு, பின்பக்க அகலம் ரெண்டாக உடையும். கை இணைப்பு தோள் எலும்புக்கு மேலே உட்காரக் கூடாது, அரை அங்குலம் உள்ளே வர வேண்டும். பஃப் கை வேண்டவே வேண்டாம். முழங்கை வரைக்கும் சாதாரணக் கை.

அளவு கொடுக்கப் போகும்போது, விழாவுக்கு எந்த பிராவை, எந்த பேடைப் போடுவாயோ அதைப் போட்டுக்கொண்டு போ. என்னிடம் ஒரு பெண் வெறும் பனியனில் வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனாள். டாட் (மார்புக்கு வடிவம் தரப் பிடிக்கிற மடிப்பு) வந்து நின்ற இடம் ஒன்று, நிற்க வேண்டிய இடம் ஒன்று. அழுதுகொண்டே திரும்பி வந்தாள், முழுசாகப் பிரித்தேன். ஹார்மோனில் மார்பு வளர்ந்து முடிய ரெண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதனால் ஆசைப்பட்டு இப்போதே பத்து ஜாக்கெட் தைத்து அடுக்காதே. மூன்று போதும். உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விடச் சொல், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு தையல் பிரித்தால் ஆயிற்று.

புடவை அகலம் சுமார் 46 அங்குலம்தான். உன் உயரத்துக்கு உள்பாவாடையைத் தொப்புளுக்கு மேலே கட்டினால் கணுக்கால் தெரியும். ரெண்டு அங்குலம் இறக்கிக் கட்டு. எந்தச் செருப்போ அதைப் போட்டுக்கொண்டு கட்டு. முந்தானையைச் சின்னச் சின்ன மடிப்பாக எடுத்து, தோள் முனையில் குத்தாமல் கழுத்துப் பக்கம் தள்ளிக் குத்து. கண் மேலிருந்து கீழே ஓடும். உயரம் நமக்கு லாபம்தான், கண்டாங்கிச் சேலையின் கட்டம் உன் மாதிரி உயரத்தில்தான் முழுசாகத் தெரியும்.

ஆபீஸ் விஷயத்துக்கு அழாதே, காகிதம் எடு. 2014 ஏப்ரல் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவர் தன் பாலினத்தை உடையாலும் பேச்சாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று அதில் இருக்கிறது. 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலையிடத்தில் பாகுபாடு கூடாது என்றது, நிறுவனத்தில் புகாருக்கென்று ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்றது. அந்த அதிகாரி யார் என்று மின்னஞ்சலில் கேள். வாயால் கேட்காதே. பதில் வராவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஆலோசனை கேட்கலாம். பெரும்பாலும் மின்னஞ்சல் போனதுமே குரல் இறங்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் எட்டு வருஷம் அங்கே அரைக்கைச் சட்டையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கவுன் தைத்திருக்க மாட்டேன்.

நான் திருநங்கை, 24 வயது. எனக்கு ஜீன்ஸும் டி-சர்ட்டும்தான் பிடிக்கும். எங்கள் ஜமாத்தில், "சாட்லா கட்டாதவ என்னடி நங்கை?" என்று திட்டுகிறார்கள். குருவை எதிர்த்துப் பேசவும் மனசு வரவில்லை.
சேலம்

மற்ற வாசகர்களுக்காக: ஜமாத் என்பது எங்கள் திருநங்கைக் கூட்டம், குரு அதில் எங்களை ஏற்றுக்கொண்ட மூத்தவர். எங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷையில் புடவைக்கு சாட்லா என்று பெயர். கோத்தி என்றால் பெண் தன்மையோடு இருக்கிற எங்களில் ஒருவர். புடவை கட்டினவள் சாட்லா கோத்தி, ஆண் உடுப்பிலேயே இருப்பவர் பேன்ட்-சட்டை கோத்தி. வெளியே இருப்பவர்கள் உடுப்பை வைத்து எங்களை எடைபோடுகிறார்கள் என்று புலம்புகிறோமே, நாங்களும் உடுப்பை வைத்துத்தான் பெயரே வைத்திருக்கிறோம். இதை வெளியில் எழுதியதற்கு எனக்கும் திட்டு விழும், விழட்டும்.

தாயி, உன் குருவுக்கு என்ன வயது? ஐம்பதுக்கு மேல் இருந்தால் அவருடைய கோபத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார். திருநங்கை என்ற சொல் அரசாங்கத் தாளில் ஏறாத காலம் அவருடையது. தமிழ்நாட்டில் எங்களுக்கென்று நல வாரியம் வந்ததே 2008-இல்தான். அதற்கு முன்னால் எங்களிடம் பெண் என்பதற்குச் சான்றிதழாக இருந்தது புடவை மட்டும்தான். அதை எங்கள் மேலிருந்து உருவியவர்கள் உண்டு. எனக்கும் ஒருமுறை ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நடந்தது. முந்தானையை இழுத்தவன் பின் குத்தியிருந்ததைக் கவனிக்கவில்லை, ஜாக்கெட் தோளோடு கிழிந்தது. மறுநாள் முதல் வேலையாக அதைத் தைத்து, அதே புடவையை அதே ஜாக்கெட்டோடு கட்டிக்கொண்டு அதே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அப்படிக் காப்பாற்றிய புடவையை நீ வேண்டாம் என்று மடித்து வைக்கும்போது, அவருக்கு உன் ஜீன்ஸ் தெரியவில்லை. தன்னை வேண்டாம் என்று சொல்வதாகக் கேட்கிறது.

அதற்காக நீ தினமும் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. திருநங்கை பிரித்திகா யாஷினி போலீஸ் வேலைக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஜெயித்து, 2017-இல் தருமபுரியில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். காக்கி பேன்ட், காக்கிச் சட்டை, பெல்ட், தொப்பி. அவரைப் பார்த்து எந்த ஜமாத்தும் சாட்லா எங்கே என்று கேட்கவில்லை, எல்லாரும் கைதட்டினோம். ஜீன்ஸ் போட்ட பெண்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள், அவர்கள் யாரும் பெண் என்று நிரூபித்துக்கொண்டு அலையவில்லை. குருவிடம் இதைத் தனியாக, பாவ்படுத்தி (எங்கள் வணக்கம்) சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. ஜமாத் விசேஷத்துக்குப் புடவை கட்டுகிறேன், வேலைக்கு ஜீன்ஸ் என்று சொல்லிப் பார். முடிந்தால் அவர் பெட்டியிலிருந்தே ஒரு பழைய புடவையைக் கேட்டு வாங்கிக் கட்டு. பாதிக் கோபம் அங்கேயே கரையும்.

நான் என்ன உடுத்துகிறேன் என்று கேட்கிறாயா? கடையில் நைட்டி, மேலே ஒரு துண்டு. நாள் முழுக்க மெஷின் மிதிக்கிறவளுக்கு அதைவிட வசதி கிடையாது.

எங்கள் மகனுக்கு ஐந்து வயது. தீபாவளிக்கு அவன் அக்காவுக்கு எடுத்தது போலத் தனக்கும் பட்டுப்பாவாடை வேண்டும் என்று அழுகிறான். என் அம்மா பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார்.
ஒரு அப்பா, திருநெல்வேலி

உங்கள் அம்மாவிடம் பழைய ஆல்பத்தைக் கேளுங்கள். முதல் மொட்டைக்கு முன்னால் உங்களுக்குச் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை சட்டை, ஜிமிக்கி எல்லாம் போட்டு ஸ்டுடியோவில் நிறுத்தி எடுத்த படம் ஒன்று நிச்சயம் இருக்கும். நம் ஊரில் பாதி ஆம்பளைகளுக்கு இருக்கிறது. உங்களை அன்றைக்கு யார் மந்திரித்தார்கள்? எங்கள் அழகரே சித்திரைத் திருவிழாவில் ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் காட்டி, விடிகிறபோது மோகினியாக நிற்கிறார். கும்பிட்டுக்கொண்டுதானே நிற்கிறோம்.

ஐந்து வயதுக்கு ஜரிகை மினுங்குவது பிடிக்கும், சுற்றினால் குடையாக விரிவது பிடிக்கும். நாளைக்கு அவனே மறந்துபோவான், அல்லது மறக்க மாட்டான். ரெண்டுக்கும் இன்றைக்கு அடி தேவையில்லை. நாடா வைக்காதீர்கள், சின்னப் பிள்ளைக்கு இடுப்பில் அச்சு விழும், எலாஸ்டிக் வையுங்கள். கீழே மூன்று டக் (உள்மடிப்பு) பிடித்துத் தைத்தால் வளர வளரப் பிரித்துவிடலாம். இரண்டே கால் மீட்டர் போதும்.

ஃபால்ஸ் துணியைத் தைக்கும் முன்னால் நனைக்க வேண்டுமா? போன மாதம் நீங்கள் எழுதியபடி கைத்தையல்தான் போட்டேன். முதல் துவைப்பிலேயே புடவை ஓரம் சுருங்கி அலை அலையாக நிற்கிறது. நீங்கள் யாராக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, புடவை நேரானால் போதும்.
காரைக்குடி

தப்பு என்னுடையது. நனைக்கச் சொல்லி எழுத மறந்துவிட்டேன். காட்டன் ஃபால்ஸ் முதல் தண்ணீரில் சுருங்கும், புடவை சுருங்காது, அதுதான் அலை. இப்போது ஃபால்ஸை முழுசாகப் பிரித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் காயப் போட்டு, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். புடவை ஓரத்தையும் தனியாக இஸ்திரி போட்டுவிட்டு, முந்தானைக்கு எதிர்முனையிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி ஆரம்பியுங்கள். இந்த முறை இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள், படுக்க வைத்துத் தையுங்கள்.